பதினோரு இலை

களிமண்குண்டு என்று பேர்.
அள்ளிப் பார்த்தால் மணல்,
மணலுக்குள் சிப்பி, சிப்பிக்குள் உப்பு.
இங்கே வெற்றிலை வராது என்று
ரொசாரி சொன்னாள், அவள் மச்சான் சொன்னார்,
ரேஷன் கணக்கெடுக்க வந்த பையனும் சொன்னான்.
வராது என்று எனக்கும் தெரியும்.

ஐப்பசியில் வாங்கின கவுளிக்குள்
இலையோடு இலையாக ஒரு கணு வந்தது.
விரல் நீளம். முழங்கால் போல ஒரு மடிப்பு.
மடிப்பில் வெள்ளையாக இரண்டு வேர்.
தூக்கிப் போட்டிருக்கலாம்.
முந்தானையில் முடிந்துகொண்டேன்.

மீன் கம்பெனி விட்டுப்போன
தெர்மாகோல் பெட்டியின் அடியில் ஓட்டை போட்டேன்.
திருப்புல்லாணிப் பக்கத்துக் கண்மாய்க் கரம்பை
சிமெண்டுச் சாக்கில் முக்கால் சாக்கு.
கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.
"மண்ணுக்கா?" என்றேன்.
"எடைக்கு" என்றார்.

படர மரம் இல்லை,
முறிந்த துடுப்பு ஒன்றை நட்டேன்.
தெற்கே பழைய வலை, நாலு மடிப்பு,
காற்றிலிருந்து உப்பைச் சலிக்க.

தண்ணீர்தான் சங்கடம்.
குடம் பன்னிரண்டு ரூபாய்.
கடலிலிருந்து ஏறி வந்தால்
உடம்புக்கு ஒன்று, தலைக்கு ஒன்று.
தலைக்குடத்தில் பாதி கொடிக்குப் போனது.
என் முடி கயிறாய் விறைத்துக் கிடந்த மாசியில்
அது ஓர் இலை விரித்தது,
கட்டைவிரல் நகம் அளவு,
மஞ்சளா பச்சையா என்று முடிவு செய்யாமல்.

தண்ணிக்குள்ளும் கொழுந்துதான் பறிக்கிறேன்.
மரிக்கொழுந்துப் பாசி. பேரில்தான் வாசம்.
விரலுக்குத் துணி சுற்றி
காலுக்குத் தகரத் தட்டுக் கட்டி
மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையைப் பிராண்டும்போது
கடைவாயில் ஒரு வெற்றிலை கிடந்தால்
குளிர் பல்லைத் தாண்டாது.
அது கடை வெற்றிலை.
வீட்டுக் கொடியை நான் தொட்டதில்லை.

ஆனிக் கடைசியில் ஏஜென்ட் தவமுருகன் வந்தார்.
கிலோவுக்கு எட்டு ரூபாய் குறைவாம்.
"பாசியில ஈரம்னு கம்பெனியில சொல்றாங்க."
ஈரமாம்.
நாங்கள் பதினாலு பேரும் தரையைப் பார்த்தோம்.
"அப்போ பேசி முடிச்சாச்சு" என்று
அவரே கேட்டு அவரே முடித்து
துடுப்புப் பக்கம் திரும்பினார்.
"அட, வெத்தலை! நம்புத்தாயி, ரெண்டு கிள்ளிக் குடு.
வெத்தலை மாத்திக்கிட்ட மாதிரி இருக்கும்."

பதினோரு இலை.
காலையில்தான் எண்ணியிருந்தேன்.
காம்பு கிள்ளி, நுனி கிள்ளி,
முதுகில் சுண்ணாம்பு தடவி நீட்டினால்
பேச்சு முடிந்தது.
நோட்டில் எழுதினதை அடிக்கலாம்,
மாற்றின வெற்றிலையைத்
திரும்ப வாங்கினவர் யாருமில்லை.

"கொடி சின்னது. கிள்ளுற பருவம் இல்ல."
"உள்ளங்கை அளவு இருக்கே?"
"இல்ல."
ரொசாரி என்னைப் பார்த்தாள்.
"அதுக்கு இன்னும் பருவம் வரல" என்றாள்,
வெற்றிலையே வராது என்றவள்.
ஒருத்தி எழுந்து தன் சாக்கின் வாயைக் கட்டினாள்.
இன்னொருத்தி அவள் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.
கிளம்பும்போது வண்டி
நாலாவது உதைக்குத்தான் பிடித்தது.

என்ன ஆகும், தெரியாது.
அடுத்த வாரம் வேறு ஆள் வரலாம்.
இவரே வரலாம், இதே விலையோடு,
வெற்றிலை கேட்காமல்.
அதுவரை சாக்குகள் வீட்டுக்குள்.
கால் நீட்டிப் படுக்க இடமில்லை,
கனவிலும் பாசி வாடை.

அன்றைக்கு நண்டு ரசம் வைத்தேன்.
இறக்குமுன் மூன்று இலை,
கிள்ளவில்லை, காம்போடு கிழித்துப் போட்டு மூடினேன்.
சொல்லிவிடாமலே ரொசாரி கிண்ணத்தோடு வந்தாள்.
காரம் முதலில் மூக்கில், அப்புறம் தொண்டையில்,
அப்புறம் காதோரம் கொஞ்சம் வேர்வை.

"உப்பு ஒரு கல் கூட" என்றாள்.
"நான் போடவே இல்லடி."

மீதி எட்டு.
அரைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன்.